அப்பாவின் பீரோவில் இருந்த ரிவால்வர்: இரண்டு வருட அலைச்சலில் தெரிந்துகொண்டவை

அப்பா 2022 ஆகஸ்ட்டில் இறந்தார். காரியமெல்லாம் முடிந்து, பெங்களூர் அல்சூர் வீட்டில் அவருடைய பீரோவைத் திறந்தபோது, லாக்கரில் பழைய மல் வேட்டியில் சுற்றிய தோலுறை ஒன்று இருந்தது. உள்ளே தாத்தாவின் ரிவால்வர். பக்கத்தில் பிஸ்கட் டப்பாவில் 11 தோட்டா, ரப்பர் பேண்டு போட்ட லைசென்ஸ் புத்தகம். தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் காவல் பிரிவில் இருந்தவர். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் ஊர் திரும்பிய சமயத்தில், அவர்களில் ஒருவரிடமிருந்து முறைப்படி வாங்கியது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்பா அதை எப்போதும் 'வெப்லி' என்றுதான் சொல்வார், பிரிட்டிஷ் கம்பெனியின் பெயர் அது. அதுவே தவறு என்பது ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

புத்தகத்தைப் புரட்டினேன். 2022 டிசம்பர் வரை புதுப்பித்திருந்தது. 'நாலு மாசம் இருக்கு, நிதானமா பாத்துக்கலாம்' என்று மறுபடி சுற்றி உள்ளேயே வைத்தேன். நான் செய்த முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். துப்பாக்கி லைசென்ஸ் அந்தப் பொருளுக்கு வழங்கப்படுவதல்ல, ஆளுக்கு வழங்கப்படுவது. ஆள் போன அன்றே அதுவும் போய்விடுகிறது. புத்தகத்தில் எந்தத் தேதி அச்சாகியிருந்தாலும் வாரிசுக்கு அது உதவாது. ஆயுதச் சட்டம், 1959இன் 21ஆம் பிரிவு, உரிமை இல்லாமல் போன ஆயுதத்தை வீண் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தால் 25ஆம் பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. அம்மா தனியாக இருக்கும் வீட்டில் ஐந்து மாதம் நான் அதை வைத்திருந்தேன். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த ஐந்து மாதத்தில் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் நான் போட்டோ போட்டேன். தாத்தாவின் நினைவுப் பொருள் என்ற பாசத்தில்தான். அது கைமாறிக் கைமாறி, முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து, "பேப்பர் எதுவும் வேண்டாம், முப்பதாயிரம் கேஷ், ராத்திரியே வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லும் அளவுக்குப் போனது. அப்படிக் கொடுத்திருந்தால் நாளைக்கு அந்த ரிவால்வர் எந்தக் குற்றத்தில் அகப்பட்டாலும், கடைசியாகப் பதிவான பெயர் அப்பாவுடையது. போலீஸ் வந்து நிற்பது எங்கள் வாசலில். போட்டோ எடுக்க வேண்டியதுதான், அது பதிவுக்காக. குழுக்களில் பரப்புவதற்கல்ல.

இரண்டாவது, என் தம்பி அதைச் சுத்தம் செய்தான். பேரலிலும் ஒரு பக்கத்திலும் பழுப்பாகத் துரு படிந்திருந்தது. உப்புத்தாள் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தேய்த்து, "அக்கா, புதுசு மாதிரி ஆயிடுச்சு பாரு" என்று காட்டினான். வலப்பக்கம் முழுக்க வெள்ளிப் பாத்திரம் மாதிரிப் பளிச்சென்று இருந்தது. ஆலையில் கொடுத்த நீலக் கறுப்பு மெருகு அங்கே சுத்தமாகப் போயிருந்தது. பிற்பாடு விலை பேசும்போது வாங்கியவர் முதலில் பார்த்தது அந்த இடத்தைத்தான். அதற்காக மட்டும் 40,000 ரூபாய் குறைத்தார். பழைய துப்பாக்கியில் துரு தெரிந்தால் மெல்லிய எண்ணெய் தொட்ட பழந்துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உப்புத்தாள், பித்தளை பாலிஷ், எலுமிச்சை, புளி எதுவும் கூடாது. தோலுறையிலேயே வைத்திருப்பதும் கெடுதல். தோல் பதனிடும் பொருளும் அது இழுத்துக்கொள்ளும் ஈரமும் சேர்ந்து இரும்பை அரிக்கும். எங்கள் ரிவால்வரில் துரு இருந்த பக்கம் தோலில் ஒட்டிக் கிடந்த பக்கம்தான். ஒப்படைக்கும்வரை உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, உறையைத் தனியாக வைத்தால் போதும்.

2023 ஜனவரியில் ஸ்டேஷனுக்குப் போனேன். ரிவால்வரை எடுத்துப் போகவில்லை. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், லைசென்ஸ் நகல், 'வாரிசாகிய நான் இதை ஒப்படைக்க விரும்புகிறேன்' என்று ஒரு பக்கக் கடிதம், இவற்றோடு போய் விஷயத்தைச் சொன்னேன். கடிதத்தின் நகலில் சீல் போட்டு வாங்கிக்கொண்டேன். தாமதத்துக்காக இன்ஸ்பெக்டர் கடிந்துகொண்டார், ஆனாலும் மரியாதையாகத்தான் நடத்தினார். மாலையில் ஹெட் கான்ஸ்டபிள் ஒருவர் வீட்டுக்கு வந்து எடுத்துப் போனார். லைசென்ஸ் இல்லாதவர் பையில் போட்டு ஆட்டோவில் எடுத்துப் போவதைவிட இதுதான் சரியான வழி. தோட்டாக்களையும் எண்ணிக் கொடுக்க வேண்டும். தோட்டாவுக்கும் லைசென்ஸ் தேவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரிவால்வரைக் கொடுத்துவிட்டு, நினைவுக்கு இரண்டு தோட்டாவை ஷோகேஸில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் குற்றம்தான்.

எனக்கு ஏழு மாதத்தைத் தின்ற இடம் அடுத்து வருகிறது. ஸ்டேஷன் ரைட்டர் கன்னடத்தில் ரசீது எழுதினார். 'பழைய பிஸ்டல் ஒன்று, தோட்டா 11' என்று எழுதி ஓர் எண்ணையும் குறித்தார். நானும் கையெழுத்துப் போட்டேன். தவறு இரண்டு. இது பிஸ்டல் அல்ல, ரிவால்வர். சுழலும் சிலிண்டரில் தோட்டா போடுவது ரிவால்வர், கைப்பிடிக்குள் மேகசின், அதாவது தோட்டா அடுக்கிய கூடு, நுழைவது பிஸ்டல். லைசென்ஸில் 'ரிவால்வர்' என்று இருக்க, ரசீதில் 'பிஸ்டல்' என்று இருந்தால் அலுவலகத்தைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு ஆயுதம். அதைவிட மோசம் அந்த எண். சிலிண்டரை வெளியே சாய்த்தால் உள்ளே துப்பாக்கியின் உடற்பகுதியில் (ஃபிரேமில்) ஓர் எண் தெரியும். ரைட்டர் அதைப் பார்த்து எழுதினார். லைசென்ஸில் இருந்ததோ வேறு எண்.

ஜூன் மாதம் கமிஷனர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: லைசென்ஸில் உள்ள ஆயுதமும் ஒப்படைக்கப்பட்ட ஆயுதமும் ஒன்றல்ல, விளக்கம் தேவை. படித்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. அப்பா வேறு ஏதோ துப்பாக்கி வைத்திருந்தாரா, அசல் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? வக்கீல் 35,000 கேட்டார். கொடுத்தேன். ஆனால் முடிச்சை அவிழ்த்தவர் வக்கீல் அல்ல. மர்ஃபி டவுனில் இருக்கும், ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்ற சுபேதார் மாமா. அப்பாவின் சிநேகிதர். நான் வைத்திருந்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தவர், "இது வெப்லியே இல்லம்மா. வெப்லி நடுவுல மடங்கும், இது சிலிண்டர் பக்கவாட்டுல சாயுது. இது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். கைப்பிடி மட்டும் இவங்களோடது இல்ல, யாரோ நம்ம ஊர் ஆசாரி செஞ்சது" என்றார்.

அவர் சொல்லித் தந்ததை விவரமாகவே எழுதுகிறேன். எனக்கு இதை முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை.

முதலில் எப்படித் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தியக் குடும்பங்களில் அதிகம் கிடைக்கும் பிரிட்டிஷ் ரிவால்வர்கள், அதாவது வெப்லி அண்ட் ஸ்காட், என்ஃபீல்டு, பெரும்பாலும் நடுவில் மடங்குபவை. இடப்பக்கம் கட்டைவிரல் படும் நெம்புகோலை அழுத்தினால் பேரல் முன்னால் கவிழும், எல்லாத் தோட்டாவும் ஒன்றாக மேலே எழும்பும். அமெரிக்கக் கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் பெரும்பாலும் சிலிண்டர் இடப்பக்கம் சாய்பவை. கோல்ட்டில் தாழ்ப்பாளைப் பின்னால் இழுக்க வேண்டும், ஸ்மித்தில் முன்னால் தள்ள வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் கோல்ட்டின் சிலிண்டர் கடிகாரத் திசையில் சுற்றும், ஸ்மித்தின் சிலிண்டர் எதிர்த்திசையில். உள்ளிருக்கும் இயக்கத்தை மூடும் பக்கத்தட்டு ஸ்மித்தில் வலப்புறம், கோல்ட்டில் இடப்புறம். பேரலுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தால் ஸ்மித்தில் 5 காடி (சுருளாக வெட்டிய பள்ளம்) வலப்பக்கமாக முறுக்கியிருக்கும், கோல்ட்டில் 6 காடி இடப்பக்கமாக, வெப்லியில் 7 காடி வலப்பக்கமாக. எழுத்தெல்லாம் தேய்ந்து போன துப்பாக்கியைக்கூட இந்த நாலைந்து அடையாளத்தில் எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம். இதையெல்லாம் பார்க்கிறேன் என்று பழக்கமில்லாதவர்கள் வீட்டில் திறக்கக் கூடாது. தோட்டா உள்ளே இருக்கிறது என்றே எண்ணிக்கொண்டு, குழல்வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல் கீழே வைத்துவிட்டு, ஸ்டேஷனிலோ டீலரிடமோ திறக்கச் சொல்லிப் படமெடுங்கள்.

அடுத்தது எழுத்து. பேரலின் மேல் இருக்கும் பெயரெல்லாம் செய்தவர் பெயர் என்று நம்பக் கூடாது. கல்கத்தா ரோடா, மேன்டன், சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் தாங்கள் விற்றவற்றில் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். அது விற்றவர் பெயர். (1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் புரட்சியாளர்கள் 50 மௌசர் பிஸ்டல்களைக் கொண்டுபோனது இந்த ரோடா கம்பெனியின் சரக்கிலிருந்துதான்.) கடைப் பெயர் குடும்ப வரலாற்றுக்கு நல்லது, அடையாளத்துக்குப் போதாது. செய்தவரைச் சொல்வது முத்திரை. வெப்லியில் சிறகு முளைத்த தோட்டா, கோல்ட்டில் பாயும் குதிரை, ஸ்மித்தில் பின்னிப் பிணைந்த எழுத்து. இந்தப் பின்னல் எழுத்தில்தான் ஏமாற்றும் அதிகம். ஸ்பெயினின் ஐபார் ஊரில் ஸ்மித் மாடலை அச்சாகப் பார்த்து ஏராளமாகச் செய்தார்கள். அங்கே ட்ரோகாவோலா அரன்சபால் என்ற கம்பெனி தன் முதலெழுத்துகளையே தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்மித் முத்திரை போலத் தெரியும்படி பின்னி வைத்தது. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தால்தான் தெரியும். பேரலில் ஸ்பிரிங்ஃபீல்டு, மாசசூசெட்ஸ் முகவரியும் காப்புரிமைத் தேதிகளும் தெளிவாக இருக்கிறதா, அல்லது 'இன்ன தோட்டா பொருந்தும்' என்று சுற்றி வளைத்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் சந்தேகப்பட வேண்டும்.

பிறகு பரிசோதனை முத்திரைகள். கிரீடத்தின் கீழ் எழுத்துகள் இருந்தால் இங்கிலாந்தின் சோதனைச் சாலையில் வெடித்துப் பார்த்தது. பர்மிங்ஹாமில் 1904க்குப் பிறகு கிரீடத்தின் கீழ் 'பிபி', 'பிவி', 'என்பி' என்று வரும். முட்டை வடிவத்துக்குள் 'இஎல்ஜி' என்றிருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ். எங்களுடையது அமெரிக்காவில் செய்ததாக இருந்தும் சிலிண்டரின் ஒவ்வொரு அறைக்கும் நேராகக் கிரீடம் இருந்தது. அதாவது இங்கிலாந்து போய், அங்கே சோதனை முடிந்துதான் கோலார் வந்திருக்கிறது. சிலவற்றில் 'நாட் இங்கிலிஷ் மேக்' என்றே அடித்திருப்பார்கள்.

இனி எண். பழைய ஸ்மித் ரிவால்வரின் உண்மையான வரிசை எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும். அதே எண் சிலிண்டரின் பின்முகத்திலும் பேரலின் அடியிலும் திரும்ப அடித்திருக்கும். மூன்றும் ஒன்றாக இருந்தால் பாகங்கள் மாறவில்லை என்று அர்த்தம், விலைக்கு அது முக்கியம். சிலிண்டரைச் சாய்த்தால் தெரியும் எண், ஆலையில் பாகங்களைக் கலந்துவிடாமல் சேர்ப்பதற்காக இட்ட தற்காலிக எண். எங்கள் ரசீதில் ஏறியது அதுதான். கோல்ட்டில் அப்படியே தலைகீழ்: சாய்த்தால் தெரிவதே வரிசை எண். ஒரு கம்பெனிக்குச் சரியான இடம் இன்னொன்றுக்குத் தவறு. எங்கள் தாத்தா தங்கவயலில் ஈட்டி மரத்தில் பெரிய கைப்பிடி செய்து போட்டிருந்தார். அது அடிப்பாகத்தை முழுசாக மூடிவிட்டதால் உண்மையான எண் யார் கண்ணிலும் படவில்லை.

"பழைய கைப்பிடி கறுப்பா, ரப்பர் மாதிரி இருந்திருக்கும், வீட்ல தேடிப் பாரு" என்றார் சுபேதார் மாமா. அம்மாவின் சிங்கர் தையல் மெஷின் டிராயரில், பாபின்களுக்கும் பொத்தான்களுக்கும் நடுவே இரண்டும் கிடந்தன. அம்மா அதை ஏதோ கத்தரிக்கோல் பிடி என்று நினைத்து நாற்பது வருடம் வைத்திருந்திருக்கிறாள். வலப்பக்கத் துண்டின் உள்முகத்தில் ஊசியால் கீறின மாதிரி ஆறு இலக்கம். லைசென்ஸ் எண் அதுவே. அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். ஸ்மித் ஆலையில் அப்படித்தான் செய்வார்களாம், மரக் கைப்பிடியானால் பென்சிலில், ரப்பரானால் கீறி. பழைய ஆயுதம் இருக்கும் வீட்டில் பீரோ, டிரங்குப் பெட்டி, தையல் மெஷின், பூஜை அலமாரி என்று எல்லாவற்றையும் ஒருமுறை குடைந்து பார்ப்பது நல்லது. கைப்பிடி, திருகு, வாங்கிய ரசீது, பழைய லைசென்ஸ் நகல், எது கிடைத்தாலும் காசு, அதைவிட ஆதாரம்.

ஆனாலும் நம் கையில் ஆதாரம் இருந்தால் போதாது, அலுவலகம் ஏற்க வேண்டும். நான் மனு கொடுத்து, ஸ்டேஷனில் பஞ்சநாமா (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு) போட்டு, போலீஸ் ஆர்மரர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் மரக் கைப்பிடியைக் கழற்றி, அடியிலிருந்த எண்ணைப் படித்து எழுதி, ரசீதைத் திருத்தி வாங்க டிசம்பர் ஆகிவிட்டது. கழற்றியது ஒரே ஒரு திருகு. ஜனவரியிலேயே எழுதும்போது "லைசென்ஸில் இருக்கிற எண் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதலாம் சார்" என்று நான் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஒப்படைக்கும் ரசீதில் வகை, செய்த கம்பெனி, துவார அளவு (பேரல் ஓட்டையின் விட்டம்), வரிசை எண், எண் இருக்கும் இடம், பேரல் நீளம், தோட்டா எண்ணிக்கை, தோட்டாவின் அளவு இத்தனையும் இருக்கட்டும். கையெழுத்துப் போடுமுன் லைசென்ஸைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

தோட்டா அளவு என்றதும் ஒன்று. எங்கள் 11இல் 7தான் இந்த ரிவால்வருக்கு உரியவை. மீதி 4 பிஸ்டல் தோட்டா. இரண்டுக்கும் கடையில் '.32' என்றே பெயர். ரிவால்வருக்கான .32 லாங் தோட்டாவின் பித்தளைக் கூடு சுமார் 23 மில்லிமீட்டர், அடியில் விளிம்பு நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டலின் 7.65 மி.மீ. தோட்டாவுக்குக் கூடு 17 மில்லிமீட்டர்தான், விளிம்பும் லேசாகத்தான் தெரியும். அடியில் 'கேஎஃப்' என்றிருந்தால் புனே அருகே கட்கி ஆலையில் செய்தது. பழைய தோட்டாவைச் சுட்டுப் பார்க்கிறேன் என்று யாரும் துணிய வேண்டாம். மருந்து கெட்டுப்போய் அரைகுறையாக வெடித்தால் குண்டு பேரலிலேயே நின்றுவிடும், அடுத்த குண்டில் பேரல் உப்பும்.

இப்போது மதிப்பு. இணையத்தில் அமெரிக்க ஏல விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டுவதும், ஐயோ இவ்வளவுதானா என்று சோர்ந்துபோவதும் வீண். இங்கே விலையை முடிவு செய்வது வயதல்ல. முதல் கேள்வி துவார அளவு. .380, .455 விளிம்புத் தோட்டாக்களையும் ராணுவ 9 மி.மீ. தோட்டாவையும் ஏற்கும் கைத்துப்பாக்கிகள் 'தடை செய்யப்பட்ட போர்' (bore, துவார அளவு) வகை. அவற்றுக்கு லைசென்ஸ் தருவது மத்திய உள்துறை மட்டுமே, சட்டத்தை மீறினால் தண்டனையும் பல மடங்கு. முதல் உலகப் போரில் வந்த வெப்லி மார்க் 6 பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அது .455. வாங்க ஆளே கிடைப்பது அரிது. அதே கம்பெனியின் .32 ரிவால்வருக்கு ஆள் வரிசையில் நிற்பார்கள். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் .32 குண்டின் விட்டம் 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, .38 வகை 9க்குச் சற்று மேல், .455 பதினொன்றைத் தாண்டும்.

.32க்கு ஏன் இத்தனை கிராக்கி என்றால், தனியார் உபயோகத்துக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பல பத்தாண்டுகளாக அடைபட்டுக் கிடக்கிறது. கான்பூர் அரசு ஆலை 2014இல் 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டபோதே அதன் விலை 1,22,360 ரூபாய். அதனால் பேப்பர் சரியாக உள்ள, நன்றாக இயங்கும் அசல் அமெரிக்க .32ஐ ஐம்பதாயிரத்துக்குக் கேட்கிறார்கள் என்றால், கேட்பவருக்கு உங்கள் அவசரம் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். போட்டோவை மட்டும் பார்த்த முதல் டீலர் "ஸ்பானிஷ் காப்பி, முப்பதாயிரம்" என்றார். எண் தகராறு நடக்கும்போது இன்னொருவர் "பேப்பர் சிக்கல் இருக்கு, தொண்ணூறுக்குத் தள்ளிவிடுங்க" என்றார். அலுத்துப்போய் அன்று சரி என்று சொல்லவிருந்தேன். அதே பொருள், பேப்பர் திருத்தியதும் மூன்று லட்சத்தில் பேச்சு தொடங்கியது.

2024 ஜனவரியில் ஸ்டேஷனிலிருந்து உரிமம் பெற்ற டீலர் ஒருவரின் பாதுகாப்புக்கு மாற்றினேன், மாதம் 750 ரூபாய். ஸ்டேஷனின் பொருள் அறையான மால்கானாவில் யாரும் எண்ணெய் போட மாட்டார்கள், பெங்களூர் மழைக்காலம் ஒன்று போதும் உள்ளே துரு ஏற. டீலரின் ஆளே வந்து எழுதிக்கொடுத்து எடுத்துப் போனார். அங்கே 3,000 ரூபாய் கொடுத்து முழுப் பரிசோதனை செய்தோம், சுபேதார் மாமாவும் கூட வந்தார். பார்க்க வேண்டியவை இவை: ஹாமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தியலை) முழுக்க இழுத்த நிலையில் ஆறு அறையும் ஒவ்வொன்றாகச் சரியாகப் பூட்டுகிறதா, சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிறதா, பேரலுக்குள் குழி விழுந்திருக்கிறதா, நடுவில் வளையம் போல நிழல் தெரிகிறதா (தெரிந்தால் பேரல் உப்பியது), திருகுத் தலைகள் சிதைந்திருக்கின்றனவா. மெருகு அசலா, மறுபடி போட்டதா என்பதும் முக்கியம். மறுமெருகு போட்டதில் எழுத்து ஓரங்கள் மழுங்கியிருக்கும், திருகு ஓட்டையைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருக்கும். பழைய ஸ்மித்தில் ஹாமரும் விசையும் பல வண்ணத் திட்டுகளோடு இருக்க வேண்டும், அவையும் நீலமாக இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். எங்களுடையதில் வண்ணம் அப்படியே இருந்தது. ஆறு அறையும் பூட்டின. எண் வரிசைப்படி இது 1911இலிருந்து 1942 வரை செய்த .32 ஹேண்ட் எஜெக்டர் மூன்றாம் மாடல், 4¼ அங்குலப் பேரல்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளைக்கு எண்ணும் படமும் கட்டணமும் அனுப்பினால், எந்தத் தேதியில் ஆலையை விட்டுப் போனது, யாருக்குப் போனது என்று கடிதம் தருகிறார்கள். நான் 8,000 ரூபாய் வரை செலவழித்து வாங்கினேன். எனக்கு அது பொக்கிஷம், ஆனால் இங்கே அதனால் விலை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. வாங்குபவர் கேட்டது லைசென்ஸ் நகல், திருத்திய ரசீது, வாரிசுகளின் சம்மதம் மட்டும்தான். காசு நெருக்கடி இருப்பவர்கள் முதலில் பேப்பரில் செலவு செய்யுங்கள். நூறு வருடம் தாண்டியதை வெளிநாட்டில் விற்றால் கொழிக்கலாம் என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். அது தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும், தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது.

வைத்துக்கொள்ள விரும்பும் குடும்பங்களுக்கு வழி இருக்கிறது. ஆயுத விதிகள், 2016இன் 25ஆம் விதி வாரிசுக்கு லைசென்ஸ் தர இடம் கொடுக்கிறது. அதைவிட, உயிரோடு இருக்கும்போதே, உரிமதாரர் 70 வயதைத் தொட்டாலோ 25 வருடம் வைத்திருந்தாலோ வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம். அப்பாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தன, எங்கள் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் விற்பது என்று முடிவெடுத்தோம். நாட கச்சேரி என்ற வருவாய்த்துறை அலுவலகத்தில் வாங்கிய வம்சவிருட்சச் சான்று (வாரிசுகளைக் காட்டும் குடும்ப மரம்), அம்மாவும் தம்பியும் நோட்டரியில் கொடுத்த சம்மதம், எல்லாம் சேர்த்து 4,500 ஆனது. தேர்தல் நேரத்தில் அந்த அலுவலகத்தில் எதுவும் நகராது. ஊரிலுள்ள லைசென்ஸ் ஆயுதங்களைத் திரும்பப் பெறுவதிலேயே எல்லாரும் மும்முரமாக இருப்பார்கள். 2023 மே மாதச் சட்டமன்றத் தேர்தலும் 2024 ஏப்ரல் மக்களவைத் தேர்தலும் எனக்குத் தலா இரண்டு மாதத்தைக் கொண்டுபோயின. தேதி பார்த்து மனு போடுங்கள்.

2024 ஆகஸ்ட்டில், கைத்துப்பாக்கி வாங்க அனுமதி பெற்ற ஒருவருக்கு டீலர் மூலம் 2,60,000க்குப் போனது. டீலர் கமிஷன் 26,000, வக்கீல் 35,000, பாதுகாப்புக் கட்டணம் 6,000, பரிசோதனை, சான்றுகள், கடிதம் எல்லாம் போக அம்மா கையில் 1,77,500 கொடுத்தேன். நான் போட்ட விடுப்பு 19 நாள். கறுப்பு ரப்பர் கைப்பிடியைப் பூட்டிக் கொடுத்தோம், அசல் கைப்பிடி இருக்கிறது என்பதால்தான் வாங்கியவர் அந்த விலைக்குச் சம்மதித்தார். கழற்றிய ஈட்டி மரக் கைப்பிடியை எடுத்துப்போகலாமா என்று டீலரிடம் கேட்டேன். வெறும் மரத்துண்டுக்கு லைசென்ஸ் தேவையில்லை, கொண்டு போங்கம்மா என்றார். அதை இப்போது அம்மா தையல் மெஷின் டிராயரில், பாபின்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.